மூடிய பாலமும் ஓடிய படகும்

காலை நடைக்கு வரும் எங்கள் பென்ஷன் கோஷ்டியில் இப்போது எல்லோரும் ராணுவத் தளபதிகள். உக்ரைன், காஸா, ஈரான், டிரம்பின் வரி என்று காந்தி சிலையிலிருந்து பழைய துறைமுகம் வரை உலகப் போரே நடந்து முடிந்துவிடும். அதில் ஒருவர் எந்த நாட்டைப் பற்றிப் பேச்சு வந்தாலும் ஒரே மருந்து எழுதித் தருவார்: "தடை போடணும் சார். சோறு தண்ணி நின்னா தானா வழிக்கு வருவான்."

தடை போட்டால் வழிக்கு வருவார்களா என்பது ஊகிக்க வேண்டிய விஷயம் அல்ல. போட்டுப் பார்த்து, எடுத்தும் பார்த்த வழக்குகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று நம் ஊர்த் தொலைக்காட்சிகளில் அதிகம் வராத நைஜர். மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ளது. பக்கத்து நாடான நைஜீரியா வேறு, இது வேறு. நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளியில். அந்தப் பழக்கத்தில் இன்றும் பிரெஞ்சு வானொலியான ஆர்.எஃப்.ஐ. கேட்கிறேன். அதனால் இந்தக் கதையைக் கொஞ்சம் அருகிலிருந்து கவனிக்க முடிந்தது. வேடிக்கை என்னவென்றால், புதுச்சேரியில் உட்கார்ந்து நான் கேட்கும் இந்த வானொலியின் ஒலிபரப்பை 2023 ஆகஸ்டில் நைஜரில் நிறுத்திவிட்டார்கள். மாலியிலும் புர்கினா ஃபாசோவிலும் அதற்கு முன்பே நிறுத்தியாகிவிட்டது.

எங்கள் வகுப்பறைச் சுவரில் தொங்கிய பழைய வரைபடத்தில் இந்த மூன்று நாடுகளும் தனித்தனியாக இருக்காது. 'பிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்கா' என்று ஒரே பெயர், ஒரே நிறம். 1960 ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் எட்டு பிரெஞ்சுக் காலனிகள் விடுதலை பெற்றன. நைஜர் 3ஆம் தேதி, அப்போது மேல் வோல்ட்டா என்று அழைக்கப்பட்ட புர்கினா ஃபாசோ 5ஆம் தேதி. மாலி செப்டம்பரில். எங்கள் ஆசிரியர் வரைபடத்தின் மேல் பென்சிலால் எல்லைக் கோடுகள் போட்டுக் காட்டினார். கொடி மாறியது. நாணயம் மாறவில்லை, ராணுவ ஒப்பந்தங்கள் தொடர்ந்தன, பிரெஞ்சுப் படைத்தளங்கள் பல இடங்களில் அப்படியே இருந்தன. இன்றைய சண்டையின் வேர் அந்தப் பென்சில் கோட்டுக்கு அடியில் இருக்கிறது.

2012இல் மாலியின் வடபகுதியைத் துவாரெக் கிளர்ச்சியாளர்களும், பின்னர் ஜிகாதிக் குழுக்களும் பிடித்தார்கள். 2013 ஜனவரி 11ஆம் தேதி பிரான்ஸ் படை இறங்கியது. 'செர்வால்' என்று அந்த நடவடிக்கைக்குப் பெயர். சில வாரங்களில் டிம்பக்டு மீட்கப்பட்டது. பிப்ரவரி தொடக்கத்தில் அதிபர் ஒல்லாந்து அங்கே போனபோது ஜனங்கள் தெருவில் திரண்டு ஆடிப்பாடி வரவேற்றார்கள். 2014இல் அது 'பர்கான்' என்ற நீண்ட நடவடிக்கையாக மாறியது. ஐந்து நாடுகள், உச்சத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள். 2021 நவம்பரில் புர்கினாவின் காயா நகரில் அதே பிரெஞ்சுப் படையின் வாகன வரிசையை ஜனங்கள் சாலையில் உட்கார்ந்து மறித்தார்கள். இடையில் ஓடியது எட்டே வருடம்.

எங்கள் தெருவில் சொல்தா ஒருவர் இருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களுக்குப் புதுச்சேரியில் அதுதான் பெயர். சாட் நாட்டில் பணியாற்றியவர், காலமாகிப் பல வருடங்கள் ஆகின்றன. ஒருமுறை சொன்னார்: "நாங்க போய் எறங்கினா மொத வருஷம் கை தட்டுவாங்க தம்பி. ரெண்டாம் வருஷம் சும்மா பாப்பாங்க. மூணாம் வருஷம் திரும்பியே பாக்க மாட்டாங்க. அப்பவே நாங்க கெளம்பியிருக்கணும்." அவர் மாலிக்குப் போனதில்லை. ஆனாலும் பர்கான் நடவடிக்கையைப் பற்றி நான் படித்த நீளமான ஆய்வுகள் பலவற்றைவிட இது தெளிவாகப்பட்டது.

பாதுகாப்பு வரவில்லை என்ற கோபத்தில் ராணுவ அதிகாரிகள் ஆட்சியைப் பிடித்தார்கள். மாலியில் 2020இலும் 2021இலும், புர்கினாவில் 2022இல் இரண்டு முறை. நடுவில் கினியாவிலும். கடைசியாக 2023 ஜூலை 26ஆம் தேதி நைஜரில். தேர்தலில் வென்று வந்த அதிபர் பசூமை அவருடைய காவல் படையின் தளபதியான ஜெனரல் சியானியே சிறைப்பிடித்தார். அந்த வட்டாரத்தில் ஓர் அமைப்பு உண்டு, அப்போது அதில் பதினைந்து நாடுகள். எகோவாஸ் என்பார்கள். 1975இல் லாகோஸ் நகரில் உருவானது. அது நான்கே நாளில் கூடி, நைஜர் மீது தடை விதித்தது. ஒரு வாரத்துக்குள் பசூமைப் பதவியில் அமர்த்தாவிட்டால் படை அனுப்பவும் தயங்க மாட்டோம் என்றது.

எகோவாஸ் தலைவர்கள் பக்கம் இருந்த நியாயத்தையும் சொல்ல வேண்டும். மூன்றே வருடத்தில் நான்கு நாடுகளில் ஆட்சிக் கவிழ்ப்பு. கண்டும் காணாமல் விட்டால் அடுத்த முறை தங்கள் அரண்மனை வாசலிலேயே டாங்கி வந்து நிற்கும். எங்காவது ஒரு கோடு போட்டாக வேண்டியிருந்தது. மேலும் 2017இல் காம்பியாவில் தேர்தலில் தோற்ற ஜாமே நாற்காலியை விட மறுத்தபோது, இதே எகோவாஸ் படையை எல்லை தாண்ட வைத்து அவரை வெளியேற்றியிருக்கிறது. எனவே, மிரட்டினால் நடக்கும் என்று அவர்கள் நம்பியதில் ஆச்சரியமில்லை.

நைஜர் தமிழ்நாட்டைப் போல் ஏறத்தாழ பத்து மடங்கு பரப்பளவுள்ள நாடு. மக்கள்தொகை சுமார் இரண்டரைக் கோடி. கடல் கிடையாது. அப்போது பெரும்பாலான சரக்குகள் பெனின் நாட்டின் கோட்டோனு துறைமுகத்தில் இறங்கி, லாரியில் மலன்வில் என்ற எல்லை ஊருக்கு வந்து, நைஜர் ஆற்றின் மீதுள்ள பாலத்தைத் தாண்டி கயா என்ற ஊருக்குள் நுழையும். மின்சாரத்தில் சுமார் எழுபது சதவீதம் நைஜீரியாவிலிருந்து வந்தது. தடை ஆணை வந்ததும் பாலம் மூடப்பட்டது. நைஜீரியா மின்சாரத்தை நிறுத்தியது. தாக்கார் நகரிலுள்ள பொது மத்திய வங்கியில் நைஜர் அரசின் கணக்கு முடக்கப்பட்டது. மலன்வில்லில் லாரிகள் மைல் கணக்கில் நின்றன. அவற்றில் உணவும் இருந்தது, மருந்தும் இருந்தது. மனிதாபிமானப் பொருள்களுக்கு விலக்கு தாருங்கள் என்று ஐ.நா. அமைப்புகள் கேட்டுக்கொள்ளும் நிலை வந்தது.

நான் குடிமைப் பொருள் வழங்கல் துறையில் குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவன். அரிசி, சர்க்கரை, மண்ணெண்ணெய் பற்றி மேலிடத்திலிருந்து ஓர் ஆணை வந்தால், நாங்கள் அதில் முதலில் தேடுவது மூன்று விஷயங்கள். இதனால் வரிசையில் நிற்கப் போவது யார்? விதிவிலக்கு உண்டா? எப்போது, எதைச் செய்தால் இந்த ஆணை முடிவுக்கு வரும்? இந்த மூன்றும் தெளிவாக இல்லாத ஆணை என்றால் கவுண்டரில் சண்டை நிச்சயம். அந்தச் சண்டையில் ஆணை போட்டவர் இருக்க மாட்டார். அட்டைதாரரும் குமாஸ்தாவும்தான் இருப்பார்கள்.

நைஜர் தடையை அந்த மூன்று கேள்விகளோடு வைத்துப் பாருங்கள்.

வரிசையில் நின்றது யார்? ஜெனரல் சியானி அல்ல. இருட்டில் கிடந்த நியாமே நகரத்து ஜனங்களும், அரிசி விலை ஏறியதைப் பார்த்த குடும்பங்களும், பாலத்தில் மாதக்கணக்கில் சிக்கிய லாரி ஓட்டுநர்களும்தான். அந்தப் பக்கம் நைஜீரியாவிலும் அடி விழுந்தது. இரண்டு நாட்டுக்கும் நடுவே 1,500 கிலோமீட்டருக்கு மேல் எல்லை. இரு புறமும் ஹவுசா மொழி பேசும் ஒரே சனம். ஒரே சந்தை, கொள்வினை கொடுப்பினை எல்லாம் உண்டு. கானோ நகர வியாபாரிகள் நஷ்டக் கணக்கு வாசித்தார்கள். படை அனுப்பும் யோசனைக்கு நைஜீரிய செனட் சபையே ஆதரவு தரவில்லை.

விதிவிலக்கு? ஆரம்பத்தில் இல்லை. அதற்கு ஒன்றரை வருடம் முன்பு மாலி மீது எகோவாஸ் போட்ட தடையில் உணவு, மருந்து, எரிபொருளுக்கு விலக்கு இருந்தது. நைஜரில் அந்த நிதானமும் இல்லை.

எப்போது முடியும்? பசூம் மறுபடி அதிபரானால். இங்கேதான் முடிச்சு. பசூம் மறுபடி வந்தால் சியானிக்குச் சிறை, அல்லது அதைவிட மோசமானது. கேட்கப்பட்டவரால் எந்த நிலையிலும் கொடுக்க முடியாத ஒன்றைத்தான் எகோவாஸ் கேட்டது. காம்பியாவில் கதை வேறு. ஜாமேவுக்கு எக்குவட்டோரியல் கினியாவுக்கு ஒரு விமானமும், போய் இருக்க ஓர் இடமும் இருந்தது. தேர்தலில் வென்றவரும் பதவியேற்கத் தயாராக இருந்தார். ஜனங்களும் அவரையே விரும்பினார்கள்.

கெடு முடிந்த ஆகஸ்ட் 6ஆம் தேதி நியாமேயில் ஒரு ஸ்டேடியம் நிரம்பி வழிந்தது. ராணுவ ஆட்சியை ஆதரித்துப் பல ஆயிரம் பேர். அந்த ஸ்டேடியத்துக்குப் பெயர் சேய்னி குன்ச்சே. 1974இல் ஆட்சியைக் கவிழ்த்துப் பதவிக்கு வந்த ராணுவ அதிகாரியின் பெயர் அது. பத்து நாளுக்கு முன்பு யார் என்றே பலருக்குத் தெரியாத ஒரு ஜெனரலை, தடையும் போர் மிரட்டலும் சேர்ந்து நாட்டைக் காக்க வந்தவராக ஆக்கிவிட்டன. மாலியிலும் 2022 ஜனவரியில் தடை வந்த சில நாளில் பமாகோவில் இதே காட்சிதான். கஷ்டத்துக்குக் காரணம் ஆட்சியாளரா, தடை போட்டவரா என்று ஜனங்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், வெளியாளைத்தான் கை காட்டுவார்கள். வீட்டுச் சண்டையிலும் அப்படித்தானே?

எல்லா இடத்திலும் இப்படித்தான் ஆகும் என்று சொல்லமாட்டேன். எங்கள் ஊரே எதிர் உதாரணம். 1949இல் சுங்க உடன்பாடு முடிந்ததும் இந்திய அரசு பிரெஞ்சுப் புதுச்சேரியைச் சுற்றிச் சுங்க வேலி போட்டது. 1954இல் அது இறுகியது. புதுவைக் கிராமங்கள் தென்னாற்காட்டு மாவட்டத்துக்குள் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தவை. வயலுக்குப் போகவும், உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகவும் சோதனையைத் தாண்ட வேண்டும் என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த நெருக்கடி பலித்தது. அதுவரை பிரெஞ்சுப் பக்கம் நின்ற எதுவார் குபேர் 1954 மார்ச்சில் இணைப்புக்குக் குரல் கொடுத்தார். அக்டோபர் 18ஆம் தேதி கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இணைப்புக்கு வாக்களித்தார்கள். நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது.

ஏன் பலித்தது? வேலிக்கு உள்ளே இருந்த ஜனங்களில் பெரும்பகுதி வேலிக்கு வெளியே இருந்தவர்களின் உறவு. கேட்கப்பட்ட விஷயத்தை விரும்பியவர்கள் உள்ளேயே நிறைய இருந்தார்கள். பிரான்சுக்கும் பேசி, கையெழுத்துப் போட்டு, மரியாதையோடு கப்பல் ஏற ஒரு வழி இருந்தது. நைஜரில் தடையைத் தாங்கியவர்களில் பலர் தடை கேட்டதை விரும்பவில்லை, விரும்பியவர்களால் அதை வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. ஒரே கருவிதான். உள்ளே யார் பக்கம் யார் என்பது மட்டும் வேறு.

இன்னொன்றும் இருக்கிறது. வேறு கதவு. நைஜருக்கு அது இருந்தது. 2023 செப்டம்பர் 16ஆம் தேதி மாலி, புர்கினா, நைஜர் மூன்றும் சாஹேல் நாடுகளின் கூட்டணி என்று ஒன்றை அமைத்தன. ஒருவரைத் தாக்கினால் மூவரையும் தாக்கியதாகும் என்பது சாரம். தோகோ நாட்டின் லோமே துறைமுகத்திலிருந்து புர்கினா வழியாக, ராணுவக் காவலோடு, நூற்றுக்கணக்கான லாரிகள் நியாமேக்கு வர ஆரம்பித்தன. அந்தச் சாலை ஜிகாதிகள் நடமாடும் சாலை. இருந்தும் வந்தன. ரஷ்யாவைப் பாருங்கள். ஐரோப்பா வரிசையாகத் தடை போட்டது. இரண்டு சதவீதம்கூட இல்லாத நம் ரஷ்ய எண்ணெய் இறக்குமதி, 2023இல் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. வாங்க ஆள் இருக்கும்வரை விற்பவன் பட்டினி கிடப்பதில்லை.

நைஜர் அரசு பட்ஜெட்டை நாற்பது சதவீதம் வெட்டியது, கடன் தவணை தவறியது, ஆனால் பணியவில்லை. 2023 டிசம்பரில் பிரான்சின் 1,500 வீரர்கள் கிளம்பினார்கள். 2024இல் அமெரிக்கர்களும், பத்து கோடி டாலருக்கு மேல் செலவழித்து அகாடெஸில் கட்டிய டிரோன் தளத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ரஷ்யப் பயிற்சியாளர்கள் வந்தார்கள். 2024 ஜனவரி 28ஆம் தேதி மூன்று நாடுகளும் எகோவாஸை விட்டே விலகுவதாக அறிவித்தன. அடுத்த மாதம் எகோவாஸ் தடையை எடுத்தது, காலம் கடந்துவிட்டது. 2025 ஜனவரி 29ஆம் தேதி விலகல் நடைமுறைக்கு வந்தது. அரை நூற்றாண்டு கட்டிய வீட்டின் ஒரு பக்கச் சுவர், ஏழு மாதத் தடையில் விழுந்தது.

அப்படியானால் ஜெயித்தது ராணுவ ஆட்சியாளர்களா? இதைச் சொல்லும்போதும் எனக்கு வரிசையில் நிற்பவர்தான் ஞாபகத்துக்கு வருகிறார். 2024 ஆகஸ்டில் புர்கினாவின் பர்சலோகோவில், ஊரைக் காக்க அகழி வெட்டிக்கொண்டிருந்தவர்களை ஜிகாதிகள் நூற்றுக்கணக்கில் கொன்றார்கள். அதற்கு முந்தைய மாதம் மாலியின் வடக்கே, அல்ஜீரிய எல்லையருகே, ரஷ்யாவின் வாக்னர் கூலிப்படை பெரும் இழப்பைச் சந்தித்தது. 2025 செப்டம்பர் முதல் ஜிகாதிகள் டேங்கர் லாரிகளை எரித்து, பமாகோவுக்குப் பெட்ரோல் வராமல் தடுத்தார்கள். பள்ளிக்கூடங்களை இரண்டு வாரம் மூட வேண்டி வந்தது. எகோவாஸ் செய்ததைத் துப்பாக்கியோடு அவர்கள் செய்தார்கள். அந்த நவம்பரில்தான் மாலி என்ற பெயர் நம் தமிழ்ப் பத்திரிகைகளின் முதல் பக்கத்துக்கு வந்தது. மின்திட்ட வேலைக்குப் போன தென்காசி, தூத்துக்குடி மாவட்டத்துக்காரர்கள் ஐந்து பேரை அங்கே கடத்திச் சென்றார்கள். தொலைதூரச் சண்டை என்று எதைச் சொல்வது?

மூன்று ஆட்சியாளர்களும் தங்களுக்கு ஐந்தைந்து வருடம் எழுதிக்கொண்டார்கள். தேர்தல் பேச்சு அடங்கிவிட்டது. பசூம் சிறையில் இரண்டு வருடத்தைத் தாண்டினார். காவலாளியை மாற்றினால் மட்டும் திருட்டு நின்றுவிடாது. காவலாளி பிரெஞ்சில் அதட்டினாலும் ரஷ்ய மொழியில் அதட்டினாலும், கிணற்றடிக்குப் போய்வரும் பெண் பத்திரமாகத் திரும்பினாளா என்பதுதான் கணக்கு.

விட்டுப்போனது என்ன, விடாமல் இருப்பது என்ன என்று பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வரும். 2025 மார்ச்சில் மூன்று நாடுகளும் பிரெஞ்சு பேசும் நாடுகளின் அமைப்பிலிருந்தும் விலகின. எகோவாஸிலிருந்து விலகும் அறிக்கையைப் போலவே இந்தக் கடிதங்களையும் நல்ல பிரெஞ்சில்தான் எழுதியிருந்தார்கள். எங்கள் ஆசிரியர் பார்த்திருந்தால் இலக்கணத்துக்கு மதிப்பெண் போட்டிருப்பார். எகோவாஸை உதறினார்களே தவிர, 1945இல் பிரான்ஸ் உருவாக்கிய சி.எஃப்.ஏ. ஃபிராங்கை உதறவில்லை. சந்தையில் காய்கறி வாங்க அது வேண்டியிருக்கிறது.

தடையே கூடாது என்பது என் கட்சி இல்லை. ஆட்சியைத் துப்பாக்கியால் பிடிப்பவனுக்கு ஒரு விலை இருக்க வேண்டும். அந்த விலையை அவன் பையிலிருந்து எடுக்க வேண்டும், அவனுடைய வங்கிக் கணக்கிலிருந்து, அவனுடைய வெளிநாட்டுப் பயணத்திலிருந்து. ஊராரின் விளக்கை அணைத்து வசூலிக்கக் கூடாது. ஆணையிலேயே அவன் இறங்கி வர ஒரு படியும், ஆணை முடிகிற நிபந்தனையும் எழுதியிருக்க வேண்டும். ஒரு சாதாரண ரேஷன் சுற்றறிக்கைக்கு நாங்கள் எதிர்பார்த்ததைப் பதினைந்து நாட்டுத் தலைவர்களிடம் எதிர்பார்ப்பது அதிகமில்லை.

எகோவாஸ் தடையை எடுத்த பிறகு பெனின் தன் பக்கத்தைத் திறந்தது. நைஜர் தன் பக்கத்தைத் திறக்க மறுத்தது. இந்த முறை பூட்டு உள்ளே இருந்து. மலன்வில்லுக்கும் கயாவுக்கும் நடுவே அந்த ஆறு மட்டும் எந்த ஆணையையும் படிக்கவில்லை. பாலம் பூட்டிக் கிடந்த நாள் முழுக்க, மரப்படகுகளில் ஆளும் சரக்கும் அக்கரைக்கும் இக்கரைக்கும் போய்க்கொண்டேயிருந்தன. ஆற்றில் ஆபத்து அதிகம், கூலியும் கூடுதல். அந்தக் கூலியைக் கொடுத்தவர்கள் ஜெனரல்களும் அல்ல, ஜனாதிபதிகளும் அல்ல.